சும்பிராடா வேகமாக ஓடுது, ஒழுங்கு மாறினால் கை நிற்குது: இருவர் பயிற்சி பற்றி ஒரு கேள்வி

கொண்டாவிலான்

எல்லோருக்கும் வணக்கம். அர்னிஸ், எஸ்கிரிமா என்கிற பிலிப்பைன்ஸ் தடிச்சண்டைக் கலை பழகுகிற ஆட்கள் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

நானும் மச்சானும் சேர்ந்து பழகுகிறோம். மச்சான் கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வகுப்புக்குப் போய் அடிப்படை எல்லாம் கற்றவர். இப்போது ஊரோடு வந்துவிட்டார். பின்னேரம் வெயில் தணிந்த பிறகு எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சீமெந்துத் தரையில் பயிற்சி. இரட்டைத் தடியில் சினவாலி, அதாவது இருவரும் தடிகளைப் பின்னுகிற மாதிரி மாறி மாறி மோதுகிற ஒழுங்கு, நன்றாக வருகிறது. ஒற்றைத் தடியில் சும்பிராடாவும், அதாவது ஒருவர் அடிக்க மற்றவர் தடுத்துத் திருப்பி அடிக்கிற சுற்றும், ஓடுகிறது. றோட்டால் போகிற பெடியள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிற அளவுக்கு வேகம் வந்துவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், மச்சான் வழமையான ஒழுங்கை விட்டு ஒரு அடியை வேறு கோணத்தில் போட்டால் என் கை அப்படியே நின்றுவிடுகிறது. நான் மாற்றிப் போட்டால் அவருக்கும் அதே கதை. இன்னும் வேகமாகப் பழகினால் இது சரிவருமா? இல்லாவிட்டால் சும்பிராடாவை விட்டுவிட்டு நேரே மோதிப் பழகுவதா?

இன்னொன்று, தடி. இப்போதைக்குப் பூவரசந்தடிதான் வைத்திருக்கிறோம். பிரம்பு எங்கே எடுக்கலாம்?

ஒற்றைப்பனை

தம்பி, நான் கனகாலம் கராத்தே செய்து, பிறகு பொக்சிங் பக்கம் போனவன். மனதில் பட்டதை நேரே சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஒழுங்கை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு மாறி மாறித் தட்டினால் அது கோலாட்டம். பார்க்க வடிவாக இருக்கும். சண்டையில் எவனும் இது முதலாம் அடி, இது இரண்டாம் அடி என்று வரிசையாகத் தரப்போவதில்லை. தலைக்கவசமும் கையுறையும் வாங்கிப் போட்டுக்கொண்டு அடிபட்டுப் பழகுங்கள். எது நிற்கும், எது நிற்காது என்று தானாகத் தெரியும்.

வெயிலும்_தடியும்

கொண்டாவிலான் தம்பி, வேகத்தைக் கூட்ட வேண்டாம், குறையுங்கள். சும்பிராடாவை விடவும் வேண்டாம். உங்கள் இரண்டு பேரிலும் அடி கொடுக்கிற ஆள் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆறுதலாகச் சொல்கிறேன்.

நான் கட்டாரில் வேலை செய்தபோது எங்கள் முகாமில் பிலிப்பைன்ஸ்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் செபு ஊரவர், பாலிந்தவாக் வழியில் பழகியவர். செபுவில் 1932இல் டோசே பாரேஸ் என்ற எஸ்கிரிமாச் சங்கம் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்து வெனான்சியோ பேக்கன் 1952இல் தொடங்கியதுதான் பாலிந்தவாக். ஒற்றைத் தடி, மிகக் கிட்டவாக நின்று செய்கிற முறை. அதில் ஆசான் தூரத்தில் நின்று எண்ணிக்கை சொல்ல மாட்டார். மாணவனுக்கு முன்னால் நின்று தானே அடி கொடுத்துக் கொடுத்துத்தான் கற்பிப்பார். இந்த முறையை அகாக் என்பார்கள். எந்த அடி வரும் என்று மாணவனுக்குத் தெரியாது, ஆனால் அவனால் தாங்கக்கூடிய வேகத்தில்தான் வரும். கை பழகப் பழக வேகம் ஏறும், கோணம் கூடும். அந்த ஆளோடு வெள்ளிக்கிழமைகளில் பழகியபோதுதான் எனக்கு இந்த விஷயம் விளங்கியது. அடி கொடுப்பவர் அந்த நேரத்தில் ஆசானின் இடத்தில் நிற்கிறார். தன் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நிற்கிற ஆள் அல்ல.

இப்போது நீங்கள் இருவரும் இதைச் செய்து பாருங்கள். மச்சானைத் தடியைக் கீழே விட்டுக்கொண்டு சும்மா நிற்கச் சொல்லுங்கள். சும்பிராடா செய்கிற அதே இடைவெளியில் நின்று, மிக மெதுவாக, முதலாம் கோணத்தை, அதாவது எண் போட்டு வைத்திருக்கிற அடிகளில் முதலாவதை, அவருடைய இடப்பக்க நெற்றிப்பொட்டுக்கு விடுங்கள். தடி எங்கே போய் முடிகிறது? நுனி நெற்றிப்பொட்டைத் தொட்டால் நல்லது. முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் போய்விட்டால், இவ்வளவு காலமும் உங்கள் மச்சான் தன்னிடம் வந்து சேராத அடிகளைத் தடுத்துப் பழகியிருக்கிறார் என்று அர்த்தம். சினவாலியிலும் இதையே பாருங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற ஒரு இடத்தை, அதாவது மற்றவரின் தடியை, குறிபார்த்து அடிக்கிறார்கள். சத்தம் நன்றாக வரும். அடி யாருக்கும் போகாது.

அடி மெதுவாக வரலாம், ஆனால் உண்மையான கோட்டில், உண்மையான தூரத்தில் வர வேண்டும். அப்படி வருகிற அடியைத்தான் கண் படிக்கப் பழகும். வேகமான பொய் அடியில் கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை, காது தாளத்தைப் பிடித்துக்கொண்டு கையை ஓட்டும். தாளம் மாறிய உடனே கை நிற்பதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் வெறுங்கை. சும்பிராடாவில் முதலாம் கோணம் வருகிறது, நீங்கள் தடியால் சந்திக்கிறீர்கள், உடனே இடக்கை போய் அவருடைய தடி பிடித்த கையின் மணிக்கட்டில் இருக்க வேண்டும். அந்தக் கை அங்கே இருக்கிறபடியால்தான் உங்கள் தடி விடுபட்டுத் திருப்பி அடிக்க முடிகிறது. ஆனால் ஒழுங்கு ஓடத் தொடங்கினால் அந்த இடக்கை மெல்லத் தட்டிவிட்டு வருகிற ஒரு சடங்காகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இடையில் எப்போதாவது, சொல்லாமல் கொள்ளாமல், மச்சான் தன் முறைக்குக் காத்திருக்காமல் அதே கையால் இரண்டாவது அடியை விடட்டும். உங்கள் இடக்கை உண்மையில் அவரைப் பிடித்திருந்தால் அந்த அடி வெளியே வரவே வராது. தட்டிவிட்டு எடுத்திருந்தால் உங்கள் காதில் வந்து நிற்கும். மெதுவாக வந்து நிற்கும், அதனால் நோகாது, ஆனால் மறக்காது.

ஒழுங்கை உடைப்பதற்கு ஒரே நாளில் எல்லாக் கோணத்தையும் திறந்துவிட வேண்டாம். சில வழிகளில் ஐந்து கோணம், சில வழிகளில் பன்னிரண்டு. எதுவானாலும் முதலில் இரண்டு மட்டும் எடுங்கள். முதலாம் கோணம் அல்லது இரண்டாம் கோணம், எது வரும் என்று தெரியாது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு பக்கத்தால் தலைக்கு வருகிற அடி என்றபடியால் கண் தோளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். அது பழகிய பிறகு வயிற்றுக்கு வருகிற குத்தைச் சேருங்கள். பல வழிகளில் ஐந்தாம் கோணம் என்று சொல்வது அதைத்தான். வீச்சுக்கு நடுவில் ஒரு குத்து வந்தால் எல்லாருடைய கையும் குழம்பும். அதனால்தான் அது மூன்றாவதாக வர வேண்டும்.

சில நேரம் ஒன்றும் கொடுக்காமலும் நிற்கட்டும். அடி வர வேண்டிய இடத்தில் அடி வரவில்லை என்றால் பழகுபவர் தானே உள்ளே போய் அடிக்க வேண்டும். இதை ஒருவரும் பழகுவதில்லை. வராத அடிக்குத் தடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் நான் அதிகம் பார்த்திருக்கிற காட்சி.

தடி விஷயம் பிறகு எழுதுகிறேன்.

சாம்பல்பூனை

அண்ணா, நீங்கள் எழுதியதில் "மெதுவாக, ஆனால் உண்மையான கோட்டில்" என்ற இடம்தான் எனக்குத் தேவைப்பட்டது. நான் அண்ணரோடும் அவருடைய நண்பர்களோடும் பழகுகிறேன். பெண் பிள்ளை என்று எல்லாரும் எனக்கு அடியைப் பக்கத்தால் விடுகிறார்கள். நான் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் ஒன்றுதான், தடி என் தோளுக்கு வெளியால் போகிறது. "நோகாமல் இருக்கத்தானே" என்கிறார்கள். அவர்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் ஒன்றும் கற்கவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

என் உயரமும் ஒரு பிரச்சினை. அண்ணர் நல்ல உயரம். அவருடைய தடி எனக்கு எட்டுகிற இடத்தில் நின்றால் என் தடி அவருடைய முழங்கையைத்தான் தொடும்.

வெயிலும்_தடியும்

தங்கச்சி, முதல் விஷயத்தை அப்படியே அண்ணரிடம் காட்டுங்கள். நீங்கள் தடியைத் தூக்காமல் நில்லுங்கள், அவர் அடிக்கட்டும். தடி வெளியால் போவதை அவரே பார்ப்பார். பிறகு அவர் வேகத்தைப் பாதியாக்கி நெற்றிப்பொட்டுக்கு நேரே கொண்டுவந்து, தொடுகிற இடத்தில் நிறுத்தட்டும். அப்படி நிறுத்துவதற்குத் தடி அவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதாவது உங்களுக்கு ஒழுங்காக அடி கொடுக்கப் பழகினால் அவருடைய கையும் தேறும். இதைச் சொன்னால் மறுக்க மாட்டார்.

உயரம் பற்றி. முழங்கை எட்டினால் முழங்கையை அடியுங்கள்! இன்னும் கிட்டவாக வருகிற கையை, தடி பிடித்த விரல்களை அடியுங்கள். பிலிப்பைன்ஸ் முறைகளில் பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. தூரத்தில் நிற்கும்போது ஆளைத் தொடத் தேவையில்லை, ஆயுதம் பிடித்த கையைத் தொட்டால் போதும். லார்கோ (எட்ட), மேடியோ (நடு), கோர்ட்டோ (கிட்ட) என்று மூன்று தூரம் பிரிப்பார்கள். உயரமானவர் லார்கோவில் வசதியாக இருப்பார். நீங்கள் அங்கே நின்று அவரோடு தலைக்குத் தலை அடிபட வேண்டியதில்லை. வெளியில் நின்று கையை அடியுங்கள், அல்லது முக்கோணக் காலடியில் பக்கத்தால் உள்ளே போய் கோர்ட்டோவுக்கு வந்துவிடுங்கள். சீமெந்துத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முக்கோணம் கீறிக்கொண்டு பழகலாம். கூர் முனையில் நின்று, அடி வரும்போது மற்ற இரண்டு முனைகளில் ஒன்றுக்கு முன்னேறுவது.

உள்ளே போன பிறகு உங்களுக்கு ஹுபாத் உதவும். வெறுங்கையால் செய்வது. அவர் வலக்கையால் கழுத்துக்குச் சரிவாக ஒரு அடி விடுகிறார். நீங்கள் இடக்கையால் சந்தித்து, வலக்கையைக் கீழால் கொடுத்து அந்தக் கையைக் கடத்தி, மறுபடி இடக்கையால் அதை வாங்கி அமத்திக்கொண்டு, வலக்கையால் அதே அடியைத் திருப்பி விடுகிறீர்கள். இப்போது அவர் முறை. இது முழுக்கக் கைத்தோல் உணர்வில் நடக்கிற பயிற்சி, உயரத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆனால் மிகக் கிட்ட நில்லுங்கள். ஹுபாத் செய்கிறோம் என்று இரண்டு பேர் கையை நீட்டி நீட்டி எட்டிப்பிடிப்பதைப் பார்த்தால் அது தூரம் பிழை. உங்கள் முழங்கை அவருடைய நெஞ்சுக்கு எட்ட வேண்டும். சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே எப்போது வேண்டுமானாலும் ஒரு முழங்கை அடியை உள்ளே விடக்கூடிய இடத்தில் நின்றால்தான் அந்தச் சுற்றுக்குப் பொருள் உண்டு.

மட்டுநகர்ச்_சிலம்பன்

வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் கிழக்கில் சிலம்படி பழகியவன், எங்கள் பக்கத்தில் சீனடி என்ற தற்காப்புக் கலையும் இருக்கிறது. எங்கள் வாத்தியார் முதலில் காலைத்தான் பழக்கினார், சுவடு, அதாவது காலடி வைப்பு, வராமல் கம்பைக் கையில் தரவே இல்லை. நீங்கள் சொல்கிற முறையில் முதல் நாளே எதிரில் ஒரு ஆளை நிறுத்துகிறார்கள். இது பிழையா, சரியா என்று எனக்கு யோசனை. கால் வராத ஆளுக்கு எதிரில் ஆள் நின்றால் அவன் கையை மட்டும்தானே ஆட்டுவான்? தம்பி சொல்கிற "கை நிற்குது" என்பதும் கால் நிற்பதால் வருவது என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கம் தொடுமுறை என்று இருக்கிறது. கம்பு எதிராளி மேல் எங்கே தொட்டது என்பதுதான் கணக்கு. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தொடாவிட்டால் புள்ளி இல்லை. நீங்கள் சொல்கிற உண்மையான தூரம் என்பது அதில் தானாக வந்துவிடும்.

வெயிலும்_தடியும்

அண்ணை, கால் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. தம்பி, உங்கள் சும்பிராடாவை ஒருவரைக் கொண்டு போனில் வீடியோ எடுத்து, கால்களை மட்டும் பாருங்கள். கால் ஒரே இடத்தில் நட்ட மாதிரி நிற்கிறதென்றால் மட்டுநகர் அண்ணை சொன்னதுதான் நோய்.

ஆனால் முறை வித்தியாசத்துக்குக் காரணமும் இருக்கிறது. உங்கள் கம்பு நெற்றி வரைக்கும் வருகிற நீளம். அந்த நீளத்தை உடம்போடு சேர்த்து ஆளக் கால் இல்லாமல் முடியாது, தனியாகச் சுற்றிப் பழகாமலும் முடியாது. பிலிப்பைன்ஸ்காரருடைய தடி 28 அங்குலம் அளவு. கை நீளத்துக்குக் கிட்ட வருகிற தடி. அதைத் தனியே சுற்றக் கெதியாகப் பழகிவிடலாம். அதில் கஷ்டமான பகுதி முழுக்க எதிரில் நிற்கிற ஆளின் கைக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருக்கிறது. அதனால்தான் முதல் நாளே ஆள் வேண்டும் என்கிறார்கள். தனிப் பயிற்சி அவர்களிடமும் உண்டு. ஆனால் பாடம் நடப்பது இரண்டு பேருக்கு நடுவில்.

தொடுமுறையை இதற்குள் கொண்டுவந்து பார்க்கலாம் என்பது நல்ல யோசனை. தடி நுனியில் சுண்ணாம்புத் தூள் பூசிக்கொண்டு, கை மட்டும் குறி என்று வைத்து ஒரு சுற்று. கறுத்த ரீசேட் கைகளில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் யார் எங்கே திறந்து கிடக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒற்றைப்பனை

வெயிலும் தடியும் அண்ணை எழுதியதை வடிவாக வாசித்தேன். நீங்கள் சொல்கிற மாதிரி ஒழுங்கை உடைத்துப் பழகினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. எவ்வளவுதான் உடைத்தாலும் அது இணங்கிப் போகிற ஆளோடு செய்வது. உங்களை அடிக்க வேண்டும் என்றே நிற்கிற ஆளோடு எப்போது?

வெயிலும்_தடியும்

கட்டாயம் வேண்டும், நீங்கள் சொல்வது சரி. பிலிப்பைன்ஸிலேயே அந்த இரண்டும் கூடவே போகிறது. 2009 டிசம்பரில் 9850ஆம் இலக்கச் சட்டத்தால் அர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தார்கள். 2019இல் அவர்கள் நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அர்னிஸ் இருந்தது. அதில் ஆன்யோ என்று வடிவங்கள் காட்டுகிற பிரிவும் உண்டு, கவசம் போட்டு நேரே மோதுகிற பிரிவும் உண்டு. மோதலில் பஞ்சு சுற்றிய தடிக்கு ஒரு பிரிவு, பிரம்புத் தடிக்கு ஒரு பிரிவு.

ஆனால் மோதல் மட்டும் பழகினால் என்ன நடக்கும் என்றும் பார்க்க வேண்டும். கவசம் தடிமனாக இருந்தால் ஆட்கள் தடுப்பதையே விட்டுவிடுகிறார்கள். தலையில் அடி வாங்கிக்கொண்டே மழையாக அடிக்கிறார்கள், யார் கூட அடித்தார் என்று எண்ணிக்கை. அதே அடி கவசம் இல்லாமல் விழுந்தால் முதல் அடியோடு ஆள் விழுவார். கத்தியாக இருந்தால் சொல்லத் தேவையில்லை. அந்தத் தடிக்குப் பின்னால் வாள்தான் இருக்கிறது என்பதை மறந்தால் கலையின் பாதி போய்விடும்.

என் வழி இதுதான். ஒரே பின்னேரத்தில் முதலில் ஒழுங்கு, பிறகு ஒழுங்குக்குள் ஒரு உடைப்பு, கடைசியில் அந்த ஒரு உடைப்பை மட்டும் வைத்துக் குறுகிய மோதல். உதாரணத்துக்கு, இன்றைக்கு இரண்டாம் அடியை இடக்கையால் அடக்குவதுதான் பாடம் என்றால், மோதலில் ஒருவர் எப்படியாவது இரண்டாம் அடியைக் கொண்டுவந்துவிட வேண்டும், மற்றவர் அதை விடக்கூடாது. வேறு ஒன்றும் கணக்கில்லை. பிவிசி குழாயில் பஞ்சு சுற்றி ரேப் ஒட்டிய தடி இதற்குப் போதும். இங்கே இணங்கிப் போகிற ஆள் இல்லை, ஒற்றைப்பனை கேட்டது கிடைக்கும். பாடமும் கைவிட்டுப் போகாது.

ஒற்றைப்பனை

இதற்கு நான் உடன்படுகிறேன். பொக்சிங்கிலும் அப்படித்தான், இன்றைக்கு ஜாப், அதாவது முன்கை நேர்க்குத்து, மட்டும் என்று சுற்று வைப்போம்.

கைமருந்து

இயன்மருத்துவம் செய்கிறவள் என்ற முறையில் சில வரி. தடிப் பயிற்சிக்காரர் என்னிடம் வருவது பெரும்பாலும் முழங்கையின் வெளிப்பக்க நோவோடு. சினவாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் செய்வதால் வருவது. தடியைச் சந்திக்கிற கணத்தில் மட்டும் இறுக்கி, மற்ற நேரம் பிடியைத் தளர்த்தப் பழகுங்கள். நோ தொடங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள். அடுத்தது விரல் மொளி. வீங்கி, விரலை முழுதாக மடக்க முடியாமல் இருந்தால் ஐஸ் வைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், எக்ஸ்றே எடுத்துப் பாருங்கள்.

கண்ணைப் பற்றி ஒருவரும் இன்னும் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பயம். தடி நுனியிலிருந்து சிராம்பு பறப்பதும், தடி கையை விட்டுப் பறப்பதும் இரண்டும் நடக்கும். வெயில் காலத்தில் கை வியர்த்து வழுக்கும். ஹாட்வெயாரில் விற்கிற பாதுகாப்புக் கண்ணாடி விலை அதிகமில்லை. மெதுவாகச் செய்தாலும் போடுங்கள்.

வெயிலும்_தடியும்

நன்றி அக்கா. இதைச் சினவாலிக்கே போட வேண்டும், மோதலுக்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது.

இப்போது தடி. பிரம்பைப் பிலிப்பைன்ஸ்காரர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது உடைகிற விதம். பிரம்பு அடிபட அடிபடத் தும்பு தும்பாக நைந்து போகும், டக்கென்று முறிந்து கூரான துண்டாகப் பறக்காது. நைந்து வருவது கண்ணுக்குத் தெரியும், ரேப் சுற்றலாம், அல்லது மாற்றலாம். யாழில் பிரம்பு எடுப்பது கஷ்டம், பெரும்பாலும் ஈரவலயக் காட்டில் வளர்வது. கொழும்பு-கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கதிரை, கூடை செய்கிற ஆட்களிடம் கேட்டால் தடிப்பான பிரம்பு வெட்டித் தருவார்கள். ஒரு அங்குலம் தடிப்பு, கணு நெருக்கமாக உள்ளதைப் பாருங்கள். உள்ளே நார் நெருக்கமாக இருந்தால் பாரம் கூடவாக இருக்கும், அதுதான் நல்லது. கொழும்புக்குப் போய் வருகிற யாரையும் கொண்டு எடுக்கலாம்.

பூவரசந்தடியை வைத்து மெதுவான பயிற்சி செய்யலாம். பச்சையாக இருக்கும்போது பரவாயில்லை, காய்ந்த பிறகு இரண்டு தடியும் மோதினால் எந்த நேரம் முறியும் என்று சொல்ல முடியாது. கிளுவை மிக மென்மை.

பனஞ்சலாகையில் தடி செய்யலாமா என்று முன்பு ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸிலும் பனை இன மரத்தின் வயிரத்தில் தடி செய்கிறார்கள், பாஹி என்று பெயர். கமகோங் என்று இன்னொரு கறுத்த மரமும் உண்டு. நம்முடைய கருங்காலி இனத்தைச் சேர்ந்தது, இரும்பு மாதிரிப் பாரம். இரண்டையும் தனியே வீசி மணிக்கட்டுக்குப் பலம் ஏற்றப் பயன்படுத்துவார்கள். எதிரில் ஆளை நிறுத்திப் பழகப் பெரும்பாலும் அதைத் தூக்க மாட்டார்கள். பனை வயிரத்தின் கறுத்த நார் ஒவ்வொன்றும் ஊசி. இரண்டு பனந்தடி மோதி அந்தச் சிராம்பு முகத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தனியே வீசுங்கள், ஆளோடு வேண்டாம்.

சாம்பல்பூனை

அண்ணருக்குக் காட்டினேன். தடி வெளியால் போவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, இனி நேரே கொண்டுவாறன், நீ தடு" என்றார். முதலில் என் கைதான் பயந்து பின்னுக்குப் போனது, ஆனால் நெற்றிப்பொட்டில் தடியின் குளிர் பட்ட பிறகு அந்தப் பயம் போய்விட்டது. இப்போது அடி எங்கே வருகிறது என்று உண்மையில் பார்க்கிறேன். அதோடு அவருக்கு நிறுத்துவதற்குத்தான் கஷ்டமாக இருக்கிறது, வியர்த்து ஒழுகுகிறது.

ஹுபாத்தில் ஒரு சந்தேகம். சுற்றிலிருந்து முழங்கை அடியை உள்ளே விடும்போது அடுத்தவருக்குச் சொல்லிவிட்டு விடுவதா, சொல்லாமலா?

வெயிலும்_தடியும்

தொடக்கத்தில் சொல்லிவிட்டு. நாலாம் சுற்றில் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு விடுங்கள். அவர் எப்படி உணர்கிறார், எந்தக் கையால் நிறுத்துகிறார் என்று இருவரும் பார்க்கலாம். அது கைக்குள் வந்த பிறகு எந்தச் சுற்று என்பதைச் சொல்லாமல் விடுங்கள், ஆனால் முழங்கை மட்டும்தான் வரும் என்று தெரிந்திருக்கட்டும். அதற்குப் பிறகு முழங்கையோ, கையைப் பிடித்து இழுப்பதோ, இரண்டில் ஒன்று. தடியில் சொன்ன அதே ஒழுங்குதான். முழங்கையை எப்போதும் நெஞ்சுக்கு விடுங்கள், தாடைக்கு வேண்டாம்.

கொண்டாவிலான்

எல்லோருக்கும் நன்றி. தடியைத் தூக்காமல் நின்று பார்க்கிற சோதனையைச் செய்தோம். என்னுடைய நுனி முகத்துக்கு முன்னால் போகிறது, மச்சானுடையது தோளுக்கு வருகிறது. இரண்டு கோணத்தை மட்டும் வைத்து மெதுவாகத் தொடங்கிவிட்டோம். றோட்டால் போகிற பெடியள் இப்போது நிற்பதில்லை, பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் கை நிற்பது குறைந்திருக்கிறது. வீடியோவில் காலைப் பார்த்தோம், மட்டுநகர் அண்ணை சொன்ன மாதிரித்தான் இருக்கிறது, முக்கோணம் கீறியிருக்கிறோம்.

எங்களோடு புதிதாக ஒரு நண்பர் சேர்ந்திருக்கிறார், இடக்கையர். அவரோடு சும்பிராடா குழம்புகிறது. அவரை வலக்கையால் பழகச் சொல்வதா?

வெயிலும்_தடியும்

சொல்ல வேண்டாம். உங்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. அவருடைய முதலாம் கோணம் உங்கள் வலப்பக்கத்துக்கு வரும். உங்கள் தடியும் அவருடைய தடியும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே நிற்கும், உங்கள் வெறுங்கை அவருடைய தடிக்கையிலிருந்து தூரத்தில் இருக்கும். இடக்கையால் உடனே மணிக்கட்டைப் பிடிக்கிற பழக்கம் அங்கே வேலை செய்யாது, நெஞ்சைக் குறுக்கே தாண்டிப் போக வேண்டியிருக்கும். குழப்பம் அதனால்தான். ஒழுங்கைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு ஒரே ஒரு அடியை எடுங்கள். அவர் முதலாம் கோணம் தரும்போது உங்கள் வலப்பக்கமாக முன்னே அடி வைத்து அவருடைய தடிக்கைக்கு வெளியே போய்விடுங்கள். அங்கே போனால் அவருடைய மற்றக் கை உங்களுக்குத் தூரம், உங்கள் இடக்கையும் அவருடைய முழங்கைக்கு எட்டும். அது வந்த பிறகு மறுபடி சுற்றுக்குள் வையுங்கள்.

மட்டுநகர்ச்_சிலம்பன்

இடக்கையரோடு வெளிப்பக்கம் போவது எங்களிடமும் அப்படித்தான். தம்பி, நான் அடுத்த மாதம் கலியாணம் ஒன்றுக்கு யாழ்ப்பாணம் வருகிறேன். நேரம் இருந்தால் ஒரு பின்னேரம் உங்கள் இடத்துக்கு வரலாமா? நெடுங்கம்பு ஒன்று கொண்டுவருகிறேன்.

கொண்டாவிலான்

வாங்கோ அண்ணை, கட்டாயம் வாங்கோ. கம்புக்கு இந்தத் தரையில் இடம் காணாது, முன் வளவில் நிற்கலாம். வெயிலும் தடியும் அண்ணையும் வர முடிந்தால் நல்லது. ஒற்றைப்பனை அண்ணை, பஞ்சுத் தடி இரண்டு செய்து வைத்திருக்கிறோம். எல்லாரும் கண்ணாடி கொண்டுவாருங்கள், இங்கே எங்களிடம் மேலதிகமாக இல்லை.